மழைக்கு முன் ஒரு வழிப் பட்டியல்: வால்பாறைப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய அக்காமாரே, அண்ணன்மாரே, தங்கைகளே, தம்பிகளே,

விடுமுறை முடியப் போகிறது. ரொட்டிக்கடையிலும் அய்யர்பாடியிலும் முடீஸிலும் சோலையாற்றிலும் சேக்கல்முடியிலும் பள்ளிக் கதவுகள் மறுபடியும் திறக்கப் போகின்றன. எஸ்டேட் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலருக்கு நானே அரிச்சுவடி எழுதிப் போட்டிருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சமவெளியில் பள்ளி திறக்கும் நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் வெயிலில்தான் போய் நிற்கும். 2023இல் ஜூன் 1ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை, வெயில் தணியவில்லை என்று தள்ளிவைத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, அதற்குக் கீழே ஜூன் 14. அடுத்த ஆண்டும் ஜூன் 6 என்று சொல்லி ஜூன் 10க்கு மாற்றினார்கள். வேலூருக்கும் திருச்சிக்கும் அது சரியான முடிவு. நமக்கு ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை. மாநிலத்தின் பெரும்பகுதி ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். நமக்கோ ஆனி, ஆடியில்தான் வானம் உடையும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதை நம் குழந்தைகள் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெயிலுக்காகத் தள்ளிய ஒவ்வொரு நாளும் மலையில் இருக்கும் குழந்தையை மழைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. ஐந்து வயதுப் பிள்ளை முதன்முதலாகப் பையை மாட்டிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து இறங்கி நடக்கும் வாரமும், ஓடையில் தண்ணீர் ஏறும் வாரமும் இங்கே ஒன்றுதான்.

அதனால் இந்த வட்டாரத்தில் புதிய கல்வியாண்டுக்கான வேலை ஜூனில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மே மாதத்திலேயே முடிய வேண்டும்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். சேர்க்கைப் பேரணி நடத்துவீர்கள், சுவருக்கு வர்ணம் அடிப்பீர்கள், முதல் நாள் வாழைமரம் கட்டிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பீர்கள். எல்லாம் வேண்டியதுதான். நான் கேட்பது அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியம். உங்கள் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், எந்த டிவிஷன், எந்த லைன், எந்த வழியாக நடந்து வருகிறது, யாரோடு வருகிறது, வழியில் ஓடை எங்கே, புதர் எங்கே, காலையில் அம்மாவும் அப்பாவும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், மாலையில் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், அதுவரை குழந்தை எங்கே இருக்கிறது, எந்த எண்ணைக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள். இதை வழிப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். எமிஸ் என்ற கல்வித்துறைக் கணினிப் பதிவில் குழந்தையின் ஆதார் எண் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது. அது நடந்து வரும் வழி எந்தக் கணினியிலும் இல்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்களும் அதே வழியில்தான் கொழுந்து பறிக்கப் போகிறீர்கள்.

இதெல்லாம் நம் வேலையா, அதிகாரிகளின் வேலை இல்லையா என்று குழுவில் யாராவது கேட்கக்கூடும். சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இடத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் பணிகள் என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போவதற்காக உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் மலைக்காகவே எழுதியது போல இருக்கும். அந்தச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் கொண்டுவந்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து, இவையெல்லாம் உள்ள பகுதிகளில் அந்தத் தூரத்தையும் குறைத்து, ஆபத்து நேராதபடி பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. தூரத்துக்குள் பள்ளியே இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு இலவச வாகனமோ தங்கும் வசதியோ செய்து தர வேண்டும். ஆக, குழந்தை வரும் வழி சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. அந்த வழியில் உள்ள ஆபத்தை எழுதிக் காட்டினால்தான் அந்த விதி உயிர் பெறும். உங்கள் நோட்டு அதற்கான சான்று.

மழை விடுமுறையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். இங்கே நாம் அதிகம் யோசிக்காமல் விட்ட இடம் அதுதான்.

ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை செய்தியில் அடிக்கடி வரும் ஒரு வரி: வால்பாறை தாலுகாவில் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை. கலெக்டர் அறிவிப்பார். கோயம்புத்தூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நமக்கு மட்டும் விடுமுறை. அறிவிப்பு காலையில் வந்தால் என்ன நடக்கிறது? தூரத்து டிவிஷனிலிருந்து வரும் பிள்ளைகள் ஏற்கெனவே இறங்கி நடக்கத் தொடங்கியிருப்பார்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத லைன்களுக்குச் செய்தியே போயிருக்காது. பள்ளி வாசல் வரை நனைந்து வந்த குழந்தை, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நனைந்து போகும். வீட்டில் யாரும் இல்லை. மழை என்று தோட்ட வேலை நிற்பதில்லை. அம்மா பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தேயிலைக் காட்டில் நிற்பாள். குழந்தை எங்கே போகும்?

விடுமுறை என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. மழை நாளில் நம் லைன் வீடுகளில் அதன் பொருள் இதுதான்: பகல் முழுக்கப் பெரியவர்கள் இல்லாத குடியிருப்பு, அதில் ஏழு வயதுப் பிள்ளையிடம் விடப்பட்ட நான்கு வயதுப் பிள்ளை, ஈரத்தில் பற்றாத அடுப்பு. அன்றைக்குக் காலைச் சிற்றுண்டி இல்லை, மதியச் சத்துணவும் இல்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துசேர்ந்த காலை உணவுத் திட்டத்தின் அருமை எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். விடியும் முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, எட்டு மணிக்குள் காட்டில் நிற்க வேண்டிய அம்மாவுக்கு, குழந்தை பள்ளியில் சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிடும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! மழை விடுமுறை அன்று அந்த நிம்மதியும் போய்விடுகிறது.

விடுமுறை விடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மண் சரியும் நாளில், மரம் முறியும் நாளில், குழந்தையை வெளியே அனுப்பக் கூடாது. ஆனால் அந்த நாளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும், அதை மழைக்கு முன்னால் முடிவு செய்திருக்க வேண்டும். முதலாவதாக, முடிந்தவரை முந்தின நாள் மாலையே அறிவிப்பு வரட்டும் என்று வட்டாரத்தின் எல்லாக் குழுக்களும் சேர்ந்து தாசில்தார் வழியாகக் கலெக்டருக்கு ஒரு மனுக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் தனித்தனிக் காகிதம். சேர்ந்து கொடுத்தால் ஒரு வட்டாரத்தின் குரல். அடுத்து, ஒவ்வொரு லைனுக்கும் செய்தி கொண்டுபோகும் ஒருவர் யார் என்று பெயர் எழுதுங்கள். சிக்னல் இல்லாத லைன் என்றால் காலையில் மஸ்டருக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்க, வரும் சூப்பர்வைசர் வழியாகச் சொல்லிவிடலாம். பிறகு, அன்று லைனில் இருக்கும் பெரியவர்கள் யார் யார்? ஓய்வு பெற்ற பாட்டி, கைக்குழந்தைக்காரி, உடம்பு முடியாமல் நிற்கும் அண்ணன் என்று யாராவது இருப்பார்கள். எந்தக் குழந்தை யார் வீட்டில் இருக்கும் என்பது வழிப் பட்டியலில் இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. ஐம்பது பெண் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளை காப்பகம் வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை இருபத்தைந்து குழந்தைகளுக்கு மேல் இருந்தால் கல்வி வசதியைத் தோட்ட முதலாளியே செய்து தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். பின்னால் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும், தோட்டத்தில் வேலை செய்பவரின் பிள்ளைக்குத் தோட்டம் பொறுப்பு என்ற எண்ணம் இந்த மலையில் வேரூன்றியது அந்தச் சட்டத்தால்தான். இங்கே பல பள்ளிகள் எஸ்டேட்டுக்குள் நிற்பதற்கும் அந்த எண்ணமே காரணம். மழை நாளில் காப்பகத்தில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஆயாவைக் கூடுதலாகப் போடுங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாலை நேரம். இதை எழுதக் கை நடுங்குகிறது. எழுதாமல் விடவும் முடியாது.

2025 ஜூனில் பச்சமலை எஸ்டேட்டில், ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் நான்கு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் அசாம் குடும்பத்தின் எட்டு வயதுச் சிறுவன் காட்டு விலங்கு தாக்கி இறந்தான். இருவரும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். மாலை மங்கும் நேரம், லைனை ஒட்டி வளர்ந்த புதர், குனிந்து விளையாடும் சிறு உடம்பு, விளக்கில்லாத முற்றம் என்று காரணங்களும் உங்களுக்குத் தெரிந்தவையே. வீசியெறியும் இறைச்சிக் கழிவுக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

நான்கு மணிக்குப் பள்ளி விடுகிறது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அம்மா வீடு வந்துசேர ஐந்து, ஐந்தரை ஆகிறது. இந்த இடைவெளியில்தான் மூடுபனி இறங்குகிறது, வெளிச்சம் போகிறது. இந்த ஒன்றரை மணி நேரம் குழந்தைகள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்க வழி செய்யுங்கள் என்று நான் கேட்கிறேன். ஆசிரியர் தலையில் அதையும் கட்ட வேண்டாம். வகுப்பறையின் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். இருவர் முறை வைத்து உட்கார்ந்தால் போதும். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதட்டும், கதை கேட்கட்டும், கேரம் ஆடட்டும். அம்மா திரும்பும் வழியில் வந்து கூட்டிப் போகட்டும். அதுவரை எந்தக் குழந்தையும் தனியாகக் கேட்டைத் தாண்டக் கூடாது. இதைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுவிட்டால் தலைமையாசிரியருக்கும் அது பலம்.

புதர் வெட்டுவது மே மாத வேலை. மழை பிடித்துவிட்டால் நீங்கள் வெட்ட வெட்ட அது வளரும். வழிப் பட்டியலில் எழுதிய ஒவ்வொரு பாதையையும் குழுவினர் நான்கு பேர் நடந்து பாருங்கள். எங்கே வெட்ட வேண்டும், எங்கே விளக்கு வேண்டும், எங்கே ஓடைக்கு மேல் பலகைப் பாலம் ஆட்டம் காண்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் பாதைக்கு நிர்வாகத்திடமும், பொதுப் பாதைக்கு நகராட்சியிடமும், காட்டை ஒட்டிய பாதைக்கு வனச்சரகரிடமும் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமலே பல கோரிக்கைகள் இங்கே வருடக்கணக்கில் கிடக்கின்றன.

யானை விஷயத்தில் நம் ஊர் மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள நாம் தயங்க வேண்டாம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து அமைத்த சிவப்பு விளக்குகளையும் செல்போன் செய்திகளையும் நம்பித்தான் நாம் இரவில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறோம். யானை பக்கத்தில் நின்றால் விளக்கு எரியும். அதை எரியவிடுவதும் நம் ஆட்கள்தான், ஒரு போன் அழைப்பில். இந்த வேலைக்காக அந்த அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. அந்தச் செய்திப் பட்டியலில் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் எண் இருக்கிறதா? சத்துணவு அமைப்பாளரின் எண்? காலைச் சிற்றுண்டி சமைக்க விடிகாலையில் இருட்டில் நடந்து வரும் சுய உதவிக் குழுப் பெண்ணின் எண்? இல்லையென்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். பள்ளிச் சமையலறையில் விடுமுறைக் காலத்தில் அரிசியும் பருப்பும் மூட்டையாகக் கிடக்க வேண்டாம். அரிசி வாசம் பிடித்து வரும் யானைக்குச் சமையலறைச் சுவர் ஒரு பொருட்டே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிகள் சுருங்கிவிட்டன. 2001 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் எழுபதாயிரம் அளவுக்கு இறங்கியது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனார்கள். போனது சரிதான். பாட்டியும் அம்மாவும் முதுகில் கூடை சுமந்ததற்குப் பலன் வேண்டாமா? அவர்கள் விட்டுப்போன லைன் வீடுகளில் இப்போது ஜார்கண்டு, அசாம், பீகார் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய குழந்தைகளில் எத்தனையோ பேர் பள்ளிக்கு வருவதில்லை. தம்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டு லைனிலேயே இருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு குழந்தைகளும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஊருக்குப் புதியவர்கள், காட்டின் பழக்கம் தெரியாதவர்கள். எச்சரிக்கைச் செய்தி அவர்கள் மொழியில் இல்லை.

'இந்திக்காரப் பிள்ளைங்க' என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலருக்கு இந்தியும் தாய்மொழி இல்லை. ஜார்கண்டின் உராவ் மக்கள் பேசும் குடுக் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜார்கண்டுப் பக்கத்துப் பழங்குடிகளை நூறாண்டுகளுக்கு முன்பே அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகள் நம் முன்னோரை ஆனைமலைக்கு ஏற்றிவந்தார்கள். தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' நாவலில் எழுதியது அந்தக் கதைதான். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். நம் கொள்ளுப் பாட்டிகள் வந்து இறங்கியபோது அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இன்று இருக்கிறது. வெளியூர்க் குழந்தை என்பதற்காக அதன் கதவை யாரும் மூடக் கூடாது.

இதிலும் சட்டம் நம் பக்கம்தான். பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று நிறுத்திவைக்கக் கூடாது. ஜூன் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. பள்ளியையே பார்க்காத பத்து வயதுக் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் அளவுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இதெல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. எனவே வழிப் பட்டியல் எழுதப் போகும்போது, உங்கள் சாதி சனம் இருக்கும் லைன்களோடு நின்றுவிடாதீர்கள். கடைசி லைன் வரை போங்கள். குழந்தை எந்த மொழி பேசினாலும் பெயரை எழுதுங்கள். காடர், மலசர், முதுவர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் போங்கள். விடுதிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய குடும்பங்களிலிருந்து ஒரு தாயாவது குழுக் கூட்டத்துக்கு வந்து உட்காரட்டும். பேச்சு புரியாவிட்டால் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லட்டும். சில மாதத்தில் அவளுடைய பிள்ளையே அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இதில் நம் பள்ளியின் உயிரும் இருக்கிறது. சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். எண்ணிக்கை பத்துக்கும் கீழே போனால் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சு வந்துவிடும். சமவெளியில் பக்கத்துப் பள்ளி என்றால் பக்கத்துத் தெரு. இங்கே ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட வேண்டும்.

நிதியும் தலைக்கணக்கில்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்குப் பள்ளி மானியம் 10,000 ரூபாய், நூறு பேர் வரை 25,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். சாக்பீஸ், துடைப்பம், மின்சாதனப் பழுது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தாராபுரத்துப் பள்ளிக்கும் சின்னக்கல்லாற்று மழையில் நிற்கும் பள்ளிக்கும் ஒரே அளவுகோல். நம் கூரைத் தகரம் துருப்பிடிக்கும் வேகமும், சுவர் பாசி பிடிக்கும் வேகமும் அந்தக் கணக்கில் இல்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு மழைக்காகத் தனியாக ஒரு தொகை வேண்டும் என்ற கோரிக்கையை உங்கள் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள். அது வரும்வரை, கிடைத்த பணத்தை எதற்கு முதலில் செலவு செய்வது என்று கேட்டால் என் பதில்: கூரை, பிறகு கழிப்பறைக் கதவு, பிறகு மற்றவை. வர்ணம் கடைசியில்.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை எல்லாம் ஜூனில் கையில் இருந்தால்தான் பயன். கால் அளவும் உடல் அளவும் கொடுத்தாயிற்றா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே கேளுங்கள். போன வருட அளவில் இந்த வருடக் கால் நுழையாது. பாடப்புத்தகக் கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கச் சொல்லுங்கள், ஈரம் ஏறினால் ஒரு வாரத்தில் பூஞ்சை. குடிதண்ணீர்த் தொட்டியை மழைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். பழைய பஸ் பாஸையோ சீருடையையோ காட்டினால் புதிய பாஸ் வரும்வரை மாணவர்கள் இலவசமாகப் பயணம் செய்யலாம் என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிக்கிறார்கள். இதைக் கண்டக்டருக்கும் பிள்ளைக்கும் நினைவுபடுத்துங்கள்.

ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பள்ளி மாறும் பெண்பிள்ளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் படிப்பு அறுந்துபோகும் இடங்கள் இந்த இரண்டும்தான். பஸ் விட்டுவிட்டால் அடுத்த பஸ் இல்லை, இருட்டில் நடக்க வேண்டும், அதனால் வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் பெற்றோர் மேல் நான் கோபப்பட மாட்டேன். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது நல்ல காரியம். ஆனால் பஸ் சரியான நேரத்துக்கு ஓடினால்தானே அதில் ஏற முடியும்? எந்த எஸ்டேட்டிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், எத்தனை மணிப் பஸ் வேண்டும் என்பதை எல்லாக் குழுக்களின் பட்டியலிலிருந்தும் சேர்த்து எடுத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வால்பாறையிலேயே அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நின்றுவிடும் பிள்ளைக்கு இந்த இரண்டும் எட்டாது.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருபவர்களும், இங்கேயே வாடகை வீட்டில் தங்கி இருப்பவர்களும் நம் பிள்ளைகளுக்காகத்தான் வருகிறார்கள். புதிதாகப் பணியில் சேரும் இளம் ஆசிரியைக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுங்கள், அட்டை கடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள், முதல் மழையில் துணைக்கு நில்லுங்கள். மாறுதல் கலந்தாய்வு வந்ததும் இறங்கிப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வராமல் செய்வதில் ஊருக்கும் பங்கு உண்டு. வகுப்புக்கே வராத ஆசிரியர் யாராவது இருந்தால் அதைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. குழுக் கூட்டத்தில் பதிவு செய்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். டீக்கடையில் பேசித் தீர்க்க வேண்டாம்.

பட்டியல் எழுதி முடித்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒரு நகல் தலைமையாசிரியரிடம், ஒன்று வட்டார வள மையத்தில், ஒன்று தோட்ட மேனேஜரிடம். வனச்சரக அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் பிள்ளைகளின் பெயர் இல்லாமல் பாதைகளின் விவரம் மட்டும் போனால் போதும். கொடுத்ததற்கு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் வேலையாக எது நடந்தது, எது நடக்கவில்லை என்று படித்துப் பாருங்கள். நடக்காததற்கு மறுபடியும் போங்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையைக் கூட உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். நான் எழுதித்தர வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

மே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வருகிற ஞாயிறே நோட்டோடு கிளம்புங்கள். கடைசி லைனிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்